உழவாரமும் எம் வீட்டு மூலைகளும்

சைவ வாழ்வியற் பாடம்: வீட்டைச் சிறுகச் சிறுகத் துப்புரவாக்கல்

சமயகுரவர் நால்வரின் திருவுருவங்களையும் நாம் ஆலயத்திலே கண்டு வணங்கி வருகிறோம். சம்பந்தப் பெருமானின் கையிலே தாளம். மணிவாசகப் பெருமானின் கையிலே ஏடு. அப்பர் பெருமானிடம் மாத்திரம் ஒரு வேலைக் கருவி இருக்கிறது. அதுவே உழவாரம். புல் செதுக்கவும், முள்ளும் கல்லும் அகற்றவும் பயன்படும் எளிய கருவி. ஏழாம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டின் ஊர்தோறும் நடந்து சென்று, அடியார்கள் நடக்கும் ஆலய வீதிகளை அவர் அக்கருவியாலே துப்புரவு செய்தார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே கூறுகிறார்.

அப்பருக்கு முன்னரே இத்தொண்டைச் செய்தவர் அவருடைய தமக்கையார் திலகவதியார். திருவதிகை ஆலயத்திலே நாள்தோறும் விடியுமுன் திருவலகிட்டு, மெழுகி, மலர் தொடுத்தவர் அவர். சூலைநோயோடு திரும்பி வந்த தம்பியாருக்குத் திருநீறு அளித்துச் சைவத்துக்கு மீட்டவரும் அவரே. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளிலே முதற்படியாகிய சரியையிலே கூட்டுதலும் மெழுகுதலும் அடங்கும். துப்புரவு செய்தல் இழிந்த வேலை அன்று, வழிபாட்டின் முதற்பாடம் என்பதே இதன் பொருள்.

திருப்புகலூரிலே நடந்த ஒரு நிகழ்ச்சி எமது இன்றைய பாடத்துக்கு மிகவும் பொருந்தும். அப்பர் பெருமான் திருமுற்றத்திலே உழவாரம் செய்துகொண்டிருந்தபோது, இறைவன் அவருடைய உள்ளத்தைப் பிறருக்குக் காட்டத் திருவுளங்கொண்டு, பொன்னும் நவமணிகளும் அவ்விடத்திலே கிடக்கச் செய்தார். அப்பரோ அவற்றையும் பருக்கைக் கற்களையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இரண்டையும் உழவாரத்திலே ஏந்தி, குளத்திலே எறிந்தார்.

பொன்னை வீசுங்கள் என்பது இக்கதையின் கருத்து அன்று. ஒரு பொருளின் விலை என்ன என்பது ஒரு கேள்வி. அது இந்த இடத்திலே இருக்க வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. அடியார் நடக்கும் வழியிலே கிடந்தால் மாணிக்கமும் காலை இடறும் கல்லே. எம் வீட்டு மாடிப்படியிலே அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்க்கும்போது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகுவோமாக.

எம் வீடுகள் நிறைந்தது எப்படி?

இலண்டனிலே எம்மவர் வாழும் வீடுகளிற் பல விக்ரோரியா காலத்திலும் அதன் பின்னரும் கட்டப்பட்ட ஒடுங்கிய தொடர் வீடுகள். ஈஸ்ற்ஹாமிலோ, ரூட்டிங்கிலோ, வெம்பிளியிலோ மூன்றறை வீடென்றால், மூன்றாவது அறை ஒரு கட்டிலும் ஒரு மேசையும் வைக்கவே போதாது. ஊரிலே விறாந்தையும் கோடியும் மாலும் இருந்தன. இங்கே படிக்கு அடியிலுள்ள சிறு அலுமாரியும் கூரைக்குக் கீழுள்ள லொஃப்டும் தாம் இருக்கின்றன.

இடம் சிறிதென்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. எம்மவர் பலர் பொருள்களை ஒருமுறையேனும் முற்றாக இழந்தவர்கள். 1983 யூலையிலே உடுத்த உடுப்போடு கொழும்பை விட்டு வந்தோர் பலர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் சைக்கிளிலும் தலையிலும் கொள்ளக்கூடியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தனர். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திலே மின்சாரமில்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர்.

அந்த ஜாம் போத்தலின் ஒளியிலே படித்தவருக்கு இன்று ஒரு வெறும் போத்தலை எறியக் கை வருமா? வராது. ஆகவே ஐஸ்கிறீம் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் தாயாரைப் பார்த்து "ஏனம்மா இந்தக் குப்பை?" என்று சிரிக்கும் பிள்ளைகள், அதன் பின்னாலுள்ள வரலாற்றை முதலிலே கேட்டறிய வேண்டும். பெரியோரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்திலே அந்தப் போத்தல் உயிர் காத்தது, ஏனென்றால் அது பயன்பட்டது. பயன்படாமல் நாற்பது போத்தல்கள் அடைந்து கிடப்பது அந்தச் சிக்கனம் அன்று.

முதலில் பிரித்தல், பின்பே துடைத்தல்

ஜப்பானியத் தொழிற்சாலைகளிலே 5எஸ் என்றொரு முறை உண்டு. வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தல், உரிய இடத்திலே வைத்தல், துப்புரவாக்கல், அதை முறையாக்கல், கைவிடாது பழகுதல் என்பன அதன் ஐந்து படிகள். துப்புரவாக்கல் மூன்றாவதாகவே வருவதைக் கவனியுங்கள். எம் வீடுகளிலே நாம் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறோம். வேண்டாத பொருளைத் தூக்கி, தூசு தட்டி, மீண்டும் அதே இடத்திலே வைக்கிறோம். அதனால் நாள் முழுவதும் பாடுபட்டும் மாலையிலே வீடு முன்னிருந்தபடியே இருக்கிறது.

எனவே பின்வரும் விதிகளைக் கைக்கொள்ளலாம்.

1. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். அடுப்பு மணியை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மணி அடித்ததும் நிறுத்துங்கள். இரண்டு வேலை பார்த்துக் களைத்து வருபவர்க்கும் இது இயலும்.

2. ஓர் அறையை எடுக்காதீர்கள். ஒரு லாச்சி, ஒரு தட்டு, ஒரு பை என்று எடுங்கள். தொடங்கியதை அன்றே முடிக்க வேண்டும்.

3. நான்கு பெட்டிகள் வையுங்கள்: வைத்திருப்பது, கொடுப்பது, திருத்துவது, கழிப்பது. திருத்தும் பெட்டிக்கு ஒரு மாதத் தவணை கொடுங்கள். அதற்குள் திருத்தாததை இனித் திருத்தப் போவதில்லை.

4. கொடுக்கும் பெட்டி நிரம்பினால் அந்த வாரமே வீட்டை விட்டுப் போக வேண்டும். வாசலிலே மூன்று மாதம் இருந்தால் அதுவும் ஒரு குப்பையே.

5. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும். கல்யாணம், பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று பரிசுகள் வந்து குவியும் எம் வீடுகளுக்கு இவ்விதி மிகவும் வேண்டியது.

6. பிறருடைய பொருளை அவரைக் கேளாமல் கழிக்கலாகாது. கணவர் மனைவியின் பொருளையோ, பிள்ளைகள் அம்மம்மாவின் பொருளையோ இரகசியமாக எறிந்தால் வீடு துப்புரவாகும், மனம் துப்புரவாகாது.

ஆறு வாரத் திட்டம்

முதல் வாரம், வாசலும் படியும். சப்பாத்துகள், மழைக்குடைகள், பாவிக்காத தள்ளுவண்டி ஆகியவற்றை அகற்றுங்கள். தீ பிடித்தால் தப்பி ஓடும் வழி இதுவேயாகையால் இதை முதலிலே வைத்தோம். இலண்டன் தீயணைப்புப் படையினர் கட்டணமின்றி வீட்டுக்கு வந்து ஆலோசனை தருவர். பொருள்கள் நிறைந்துவிட்ட வீடுகளுக்கு அவர்களுடைய உதவி பெரிதும் வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியை வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இரண்டாம் வாரம், குசினி. மிளகாய்த்தூள், மாவகைகள், பருப்புவகைகளின் திகதிகளைப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த தூள் நான்கு பொதிகளிலே திறந்து கிடந்தால் ஒன்றைத் தீர்த்தபின் அடுத்ததைத் திறவுங்கள். மூடியில்லாப் பெட்டியும் பெட்டியில்லா மூடியும் போகலாம்.

மூன்றாம் வாரம், உடுப்புகள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும் தின்னும். அழுக்கும் வியர்வையும் படிந்த துணியையே அது பெரிதும் நாடும். கூறைச்சேலையைப் பிளாஸ்ரிக் உறையிலிருந்து எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பருத்தித் துணியிலே சுற்றி வையுங்கள். பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட உடுப்புகளைக் கொடுத்து விடுங்கள். ஊருக்கு அனுப்பும் பெட்டியிலே எதையும் போடுமுன் அங்குள்ளவரைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்து வெயிலிலே இலண்டன் குளிர்கோட்டு யாருக்கும் உதவாது.

நான்காம் வாரம், படுக்கையறைச் சுவர்கள். வெளிச்சுவரோடு அலுமாரியையும் சூட்கேசுகளையும் நெருக்கி வைத்தால் காற்றோட்டமின்றிப் பூஞ்சணம் பிடிக்கும். சில அங்குல இடைவெளி விடுங்கள். சமைக்கும்போதும் குளித்தபின்னும் காற்று வாங்கியைப் போடுங்கள். ஆயினும் எல்லாப் பூஞ்சணமும் வீட்டாரின் குற்றம் அன்று. கூரை ஒழுக்கும் சுவர் ஈரமும் வீட்டுச் சொந்தக்காரர் திருத்த வேண்டியவை. 2020இல் றொச்டேலிலே பூஞ்சணம் நிறைந்த வீட்டிலே வாழ்ந்து இறந்த இரண்டு வயதுக் குழந்தை ஆவாப் இசாக்கின் பெயரால் அமைந்த சட்டம், இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளுக்கு 2025 ஒக்ரோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அபாயமான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் ஆராய்ந்து நடவடிக்கை எடுக்க அது கட்டாயப்படுத்துகிறது. கவுன்சில் வீட்டிலும் வீட்டுச் சங்க வீட்டிலும் உள்ளோர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரம், கடதாசிகள். இதைப்பற்றிக் கீழே தனியாகச் சொல்லுவோம்.

ஆறாம் வாரம், லொஃப்டும் சிறிய அறையும். லொஃப்டின் தரையிலே வெப்பம் காக்கும் பஞ்சு ஏறத்தாழ 270 மில்லிமீற்றர் கனத்திலே இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. அதன்மேல் பாரமான பெட்டிகளை ஏற்றினால் பஞ்சு நசுங்கி, காக்க வேண்டிய வெப்பம் வெளியேறும். இருபது வருடங்களாகத் திறவாத பெட்டிக்காக நாம் வெப்பக் கட்டணம் கட்டி வருகிறோம் என்பதே இதன் பொருள்.

எது குப்பை அன்று?

துப்புரவு செய்யும் ஆர்வத்திலே கழிக்கக் கூடாதவற்றைக் கழித்துவிடக் கூடாது. இந்நாட்டிலே இதற்கு ஒரு பெரும் பாடம் உண்டு. கரிபியன் தீவுகளிலிருந்து 1973க்கு முன் வந்து இங்கேயே வாழ்ந்த பலர், தம் உரிமையை நிரூபிக்கும் பத்திரங்கள் இல்லாமையால் வேலையையும் மருத்துவத்தையும் இழந்தனர். சிலர் நாடுகடத்தவும் பட்டனர். 2018இலே இது விண்ட்ரஷ் விவகாரமாக வெளிப்பட்டது. அவர்கள் வந்திறங்கியபோது எழுதப்பட்ட பதிவு அட்டைகளை உள்துறை அமைச்சே 2010இல் அழித்துவிட்டிருந்தது. அரசாங்கம் வைத்திருக்கும் என்று நம்பி எம் பத்திரங்களை எறியலாகாது.

ஆகவே பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்கள், குடியுரிமைச் சான்றிதழ், உள்துறை அமைச்சின் கடிதங்கள், பழைய கடவுச்சீட்டுகள், ஊர்க்காணி உறுதிகள் ஆகியவற்றை ஒரு கோப்பிலே இட்டு வையுங்கள். வதிவிட அட்டைகளுக்குப் பதிலாக மின்விசா வந்துவிட்டது. ஆயினும் காலாவதியான பழைய அட்டையை எறியாதீர்கள். கடை நடத்துவோரும் சொந்தத் தொழில் செய்வோரும் வரிக்கணக்கை, அந்த ஆண்டுக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய யனவரி 31இலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருத்தல் வேண்டும். பத்து ஆண்டுக்கு முந்திய காஸ் கட்டணச் சீட்டும் விளம்பரத் தாளும் போகலாம். பெயரும் வங்கி இலக்கமும் உள்ளவற்றைக் கிழித்தே போடுங்கள்.

கடிதங்கள், நிழற்படங்கள், ஊர்ச்சங்க மலர்கள், பாடசாலை மலர்கள், ஆலயக் கும்பாபிஷேக மலர்கள் ஆகியவை இன்னொரு வகை. 1981 யூன் முதலாந் திகதியோடு யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அன்றிலிருந்து எம் வரலாற்றின் பல ஏடுகள் தனியார் வீட்டுப் பெட்டிகளிலேதான் எஞ்சியிருக்கின்றன. அத்தகைய பெட்டியொன்று இலண்டனிலே ஒரு கட்டிலின் கீழும் இருக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் மலர்களையும் படமெடுத்துக் காத்து வருகிறது. பழைய மலரொன்றைக் கழிக்க எண்ணுவோர் முதலிலே அதன் தளத்திலே அது இருக்கிறதா என்று பாருங்கள். நிழற்படத்தின் பின்புறத்திலே மென்மையான பென்சிலால் யார், எங்கே, எப்போது என்று இன்றே எழுதி வையுங்கள். அம்மம்மாவுக்கு மாத்திரம் தெரிந்த பெயர்கள் அவரோடு போய்விடும். கசெற்றிலும் வீடியோ நாடாவிலும் உள்ள குரல்களும் காலத்தால் மங்குவனவே. அவற்றைப் பிரதி எடுப்பதற்குப் பிந்தாதீர்கள்.

மறைந்தவரின் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். அந்தியேட்டி முடிந்த மறுநாளே அலுமாரியைத் திறக்க வேண்டுமென்ற கட்டாயம் எதுவுமில்லை. மனம் ஆறியபின், இரண்டு மூன்று பேர் கூடியிருந்து, ஒவ்வொன்றையும் பற்றிப் பேசிப் பேசிப் பிரியுங்கள். பத்துச் சேலைகளை ஒரு பெட்டியிலே பூட்டி வைப்பதிலும், ஒரு சேலையைப் பேத்தி உடுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை.

சாமியறை

பலர் எம்மிடம் கேட்கும் கேள்வி, பழைய சுவாமி படங்களையும் நாட்காட்டிகளையும் என்ன செய்வது என்பதே. ஆண்டுதோறும் கடைகள் தரும் நாட்காட்டிகளிலே முருகனும் அம்பாளும் வருகின்றனர். பயத்தினால் எதையும் கழியாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தூசு படியவிடுவது வழிபாடு ஆகாது. நாள்தோறும் துடைத்துப் பூ வைக்கக்கூடிய அளவுக்கே படங்களை வையுங்கள். நல்ல நிலையிலுள்ளவற்றைப் புதுமனை புகுவோருக்கோ மாணவருக்கோ கொடுக்கலாம். கிழிந்த படங்களை வணங்கி, சட்டத்தையும் கண்ணாடியையும் வேறாக்கி, தாளை மாத்திரம் மடித்து வைத்து, ஆலயத்திலே கேட்டு அவர்கள் சொல்லும் வழியிலே செய்யுங்கள். கேளாமல் ஆலய வாசலிலே வைத்துவிட்டுச் செல்வதும், தேம்ஸ் நதியிலே போடுவதும் தகாது.

வாடிய மாலைகளிலிருந்து நூலையும் கம்பியையும் நீக்கி, பூவைத் தோட்ட உரத்திலே சேருங்கள். சேர்ந்து போன திருநீற்றுச் சரைகளை ஒரு சம்புடத்திலே கொட்டுங்கள். விளக்கின் அருகே திரைச்சீலையும் கடதாசியும் இருக்கலாகாது. எரியும் விளக்கை விட்டு வெளியே செல்லலாகாது.

வெளியேற்றும் வழி

தமிழ்நாட்டிலே போகியன்று பழையன கழிப்பர். அங்கு ரயரும் பிளாஸ்ரிக்கும் எரித்த புகையினாலே 2018 போகியன்று சென்னையிலே விமானப் போக்குவரத்தும் தடைப்பட்டது. இலண்டனுக்கும் இப்பாடம் புதிதன்று. 1952 டிசம்பரின் நச்சுப்புகையிலே ஆயிரக்கணக்கானோர் இறந்த பின்னரே 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஆகையால் பின்வளவிலே எரிப்பதை விட்டு, நல்லவற்றைச் சரிட்டி கடைகளுக்குக் கொடுங்கள். சோபாவிலே தீப்பாதுகாப்புச் சீட்டு தைத்திருந்தால்தான் அக்கடைகள் ஏற்கும். அதை வெட்டாதீர்கள். பெரிய பொருள்களைக் கவுன்சிலின் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டு செல்லலாம், அல்லது அவர்களையே வந்து எடுக்கச் சொல்லலாம். "வான் இருக்கிறது, மலிவாய் எடுப்பேன்" என்று சொல்லும் எவரிடமும் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். அவர் தெருவிலே கொட்டினால் கொடுத்த வீட்டாருக்கும் 600 பவுண் வரை அபராதம் வரலாம். பழைய மருந்துகளை மருந்துக்கடையிலும், பற்றரிகளைப் பெரிய கடைகளிலுள்ள பெட்டியிலும் சேருங்கள். குப்பைத் தொட்டியிலே போட்ட லித்தியம் பற்றரி தீப்பற்றக் கூடும்.

வினாவிடை

ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையிலே கைக்கொண்ட முறையைப் பின்பற்றி, பிள்ளைகளோடு இருந்து படிப்பதற்காகச் சில வினாக்களைத் தருகிறோம்.

உழவாரம் எதற்குப் பயன்பட்டது?
ஆலய வீதியிலே அடியாரின் காலுக்கு இடையூறானவற்றை அகற்றுவதற்கு.

திருப்புகலூர் நிகழ்ச்சி எதைக் கற்பிக்கிறது?
விலையுள்ள பொருளும் இருக்கத் தகாத இடத்திலே இருந்தால் இடையூறே என்பதை.

துடைக்குமுன் செய்ய வேண்டியது யாது?
வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தல்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?
பதினைந்து நிமிடம்.

எவற்றை ஒருபோதும் ஆராயாமல் எறியலாகாது?
பத்திரங்கள், நிழற்படங்கள், கடிதங்கள், மலர்கள், பிறருடைய பொருள்கள்.

அப்பர் பெருமான் ஊரூராகச் சென்று, ஒரு வீதியிலே ஒரு புல்லாகத்தான் செதுக்கினார். எம் வீட்டிலே நாளை ஒரு லாச்சி. அடுத்த நாள் இன்னொன்று. தைப்பொங்கலுக்கு ஆறு வாரங்களுக்கு முன் தொடங்குவோர், பொங்கற் பானை ஏற்றும் காலையிலே கோலமிட இடமுள்ள வாசலைக் காண்பர். எல்லோருக்கும் திருவருள் துணை நிற்பதாக.